ராக்கெட் மாப்பிள்ளையும் மாடிப்படியும்

எங்கள் அப்பா இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கேஸ்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தார். அதனால் உலகத்தில் எது எதன் மேல் விழும் என்பதைப் பற்றி அவருக்குத் தெளிவான அபிப்பிராயங்கள் உண்டு. தென்னை மரத்தடியில் நிற்க விடமாட்டார். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே படுக்க விடமாட்டார். அப்படிப்பட்டவர் காதுக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒன்று பாதி வழியில் தடுமாறிக் கடலில் விழுந்துவிட்ட செய்தி எட்டியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அடையாறில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அப்பா என் பள்ளிக்கூட அட்லஸைப் பிடுங்கி, என் ஸ்கேலையே வைத்து அளந்தார்.

"அங்கேர்ந்து கரையோரமாவே கோடு போட்டா நம்ம வீடுதான்."

"அதான் கடல்ல விழுந்துடுச்சே," என்றாள் அம்மா.

"இன்னிக்குக் கடல். நாளைக்கு?"

ஃபிளாட் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அடுத்த ராக்கெட் விடும் நாளில் எல்லோரும் மாடிப்படிக்கு அடியில் வந்து உட்கார வேண்டும் என்று தீர்மானமே போட்டுவிட்டார். அங்கே இடம் காலியாக வேண்டும் என்பதால் முதல் அடி வாட்ச்மேனுக்கு விழுந்தது. "இன்னா சார் இது, ராக்கெட்டு எப்போ வுழுமோ, என் சைக்கிளு தெனிக்கும் இங்கதான நிக்குது?" என்று புலம்பிக்கொண்டே அவர் சைக்கிளை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கோ அப்பா மேல் முழு நம்பிக்கை. ஒரு பிஸ்கட் டப்பாவைக்கூட மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். சித்தி அம்மாவின் தங்கை. தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எங்களோடுதான் இருந்தாள். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் பஜ்ஜி, கேசரி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்து போனவர்கள். ஒருவரும் போடவில்லை. தபால்காரர் தெருமுனையில் தலைகாட்டும்போதே சித்தி பால்கனியில் துணி உலர்த்தப் போய்விடுவாள். காய்ந்த துணியைக்கூட மறுபடி உலர்த்துவாள். பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும். இந்த இடமும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு சென்ட்ரல் கவர்மென்ட் வேலை என்பதோடு அம்மா அப்பாவிடம் நிறுத்திக்கொண்டிருந்தாள். வேலூரிலிருந்து வந்த கார் வாசலில் நின்ற பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை வேலை பார்ப்பது அந்த ராக்கெட் விடும் இடத்தில்!

"ராக்கெட்டுன்னு வாயைத் திறந்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அப்பா கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். சத்தியம் இரண்டாவது பஜ்ஜி வரைக்கும் தாங்கியது.

"ஏன் தம்பி, அது கடல் பக்கம் போகாம எங்க பக்கம் திரும்பிட்டா?"

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி மறுபடி பொரிந்திருக்கும். மாப்பிள்ளை ஒல்லியாக, பல நாள் தூங்காதவர் போல இருந்தார். ஆனால் நிதானமாகவே பதில் சொன்னார்.

"திரும்ப விடமாட்டோம் சார். கரைப் பக்கம் வர்ற மாதிரி தெரிஞ்சா நாங்களே மேலேயே வெடிக்க வெச்சிடுவோம். அதுக்கு ஒரு பட்டன் இருக்கு."

"பட்டனை அமுக்கறவன் அசந்துட்டா?"

"அந்த மேசையில உக்கார்றவங்கள்ல நானும் ஒருத்தன் சார்."

அப்பா பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ராக்கெட் விடுகிற மாப்பிள்ளை என்றால்கூடப் போகட்டும். இவர் ராக்கெட்டை உடைக்கிற மாப்பிள்ளை.

அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சித்தி நிமிர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கேள்வி கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

"அமுக்கறதா வேணாமான்னு யோசிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"சில செகண்டுதாங்க."

"ஊருக்குப் போய்க் கலந்து பேசி லெட்டர் போட முடியாது?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை அப்போதுதான் சித்தியை நேராகப் பார்த்தார்.

"முடியாதுங்க. எத்தனையோ பேர் வருஷக்கணக்கா உழைச்சது, அமுக்க மனசு வராதுதான். ஆனா முடிவெடுக்காம இழுத்தா, கீழ இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்."

காபி வந்தது, குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அப்போ நாங்க ஊருக்குப் போய்..."

"அம்மா," என்றார் மாப்பிள்ளை. "எனக்குச் சம்மதம். அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

யாரும் கேட்பதற்கு முன்பே சித்தி தலையை ஆட்டிவிட்டாள். பிறகு விடுவிடுவென்று சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பின்னாலேயே போன அம்மாவும் அழுதாள். ஹாலில் அப்பா, "பெரிய ரிஸ்க்குதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டார்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே போய்க் குடித்தனம் நடத்த வேண்டும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாத சித்தி. எப்ப வேணா இங்க வந்துடு. மாடிப்படிக்கு அடியில உனக்கு இடம் பிடிச்சு வெக்கிறேன். பிஸ்கட்கூட இருக்கு."

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு முன்னைவிடப் பலமாக அழுதாள். பாவம், அவ்வளவு பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வாட்ச்மேன் சைக்கிளை மறுபடி அங்கே வைத்துவிட்டாரா என்று பார்க்கக் கீழே ஓடினேன்.