கனம் இல்லாத கை

எலும்பு முறிந்து என் மனைவியின் காலுக்குள் தகடு வைத்த பிறகு வீக்கம் வற்றவேயில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் சிஸ்டர், துணியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் ஒதுக்கிவிடுவார்.

“இன்னாண்ணா, தினம் இவங்க கால அழுத்தித் தேய்க்கிறீங்களா?”

“ஆமா சிஸ்டர். தோல் பதப்படுத்தற ஷாப்புல முப்பது வருஷம் வேலை. அழுத்தித் தேய்ச்சாத்தான் தோலே இளகும்.”

“அது செத்த தோலு. இங்க ரத்தத்துல காவல் அணுங்க இருக்கு. நான் துணியத் தடவற மாதிரி அதுங்களும் தகட்டத் தடவிப் பாக்கும். சொரசொரப்பு பட்டாலும், அழுத்தம் ஜாஸ்தியானாலும் எதிரி வந்துட்டான்னு சண்டைக்குக் கிளம்பிடும். அதான் வீக்கம்.”

மூன்று வாரமாக நரசிம்மர் பேரைச் சொல்லிச் சொல்லித் தேய்த்து நான்தான் அவளை நோகடித்திருக்கிறேன்.

“அப்போ இந்தக் கைய இன்னா பண்றது?”

“சும்மா மேல வெச்சிருங்க. கனம் வேணாம்.”

வீக்கம் வற்றுமோ, தெரியவில்லை. நான் பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த சிஸ்டருக்கும் சேர்த்தே சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன். கனமில்லாமல் கை வைக்கத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.