சுமார் 1990

செங்கம் சாலையில் புதிதாகத் திறந்த காபிக் கடைச் சுவரில், அந்தச் சாலையின் பழைய பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் புகைப்படமாகத் தொங்கியது. கீழே ஆங்கிலத்தில் ‘சிர்கா 1990’. கூட்டத்தின் ஓரத்தில் என் அப்பா நின்றிருந்தார்.

அதே சாலையில்தான் அப்போது எங்கள் வீடு. 1989 கடைசியில், “பௌர்ணமி வாக்குல வந்துடுறேன்” என்று பெங்களூருக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவேயில்லை. பௌர்ணமிதோறும் அம்மா அவருக்குப் பிடித்த கடலைச் சட்னியை அரைத்து வைத்துவிட்டு வாசலில் நிற்பாள். கிரிவலக்காரர்களின் வெறுங்கால் சத்தமும் கற்பூர வாசனையும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

“பஸ்ஸு கெடைச்சிருக்காதுடி” என்பாள். நான் ஒவ்வொரு முகமாகத் தேடுவேன்.

“இது எந்த வருஷம் எடுத்ததுங்க?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“சிர்கான்னா சுமாரா அந்த வருஷம்னு அர்த்தங்க. எடுத்த வெள்ளைக்காரர் இப்ப இல்ல. ஒரு வருஷம் முன்ன பின்ன இருக்கும்.”

முன்னே என்றால் சரி. பின்னே என்றால், ஊர்வரை வந்தவர் வீட்டுக்கு வரவில்லை.

காபி ஆறிப்போனது. உட்கார முடியாமல் மறுபடி படத்தருகே போனேன்.

அப்பா போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை எங்கள் வீட்டுக் கொடியில் ஒருநாளும் காய்ந்ததில்லை.