செயினுக்குப் போன வைத்திய எண்ணெய்

சைக்கிள் கடைக்காரருக்குத் தெருவில் ‘கோட்டம்’ என்றுதான் பேர். கோணிய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். எதிர்ப்பக்கத்துக் கம்பியை அரைத் திருகு முறுக்குவார். கோட்டம் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. அப்படிப்பட்டவர், நாற்பத்தாறாவது வயதில் தன் ஆண்குறியே ஒரு பக்கமாக வளைந்திருப்பதைக் கண்டு ஆடிப்போனார். தொட்டால் உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. விறைத்தால் வலித்தது.

மனைவியிடம் சொல்லக் கூச்சம். முதுகுவலி என்று சொல்லிக் கூடத்தில் தனியாகப் படுத்தார். செல்போனில் தேடினார். ஒரு வீடியோ வைட்டமின் மாத்திரை என்றது. இன்னொன்று விளக்கெண்ணெய் ஒத்தடம் என்றது. வேறொருவர் பூசணி விதையை ஓட்டோடு மெல்லச் சொன்னார். எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பல்வலி வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பச்சிலை மருந்துக் கடைக்குப் போய், “ஒரு சிநேகிதருக்கு...” என்று இழுத்தார்.

“எல்லாரும் சிநேகிதருக்குத்தான் வாங்குறாங்க,” என்றார் மருந்துக் கடைக்காரர். “இந்த எண்ணெய நாப்பது நாள் தடவச் சொல்லுங்க.”

வீட்டில் வைத்தால் மனைவி கண்ணில் படும். சைக்கிள் கடையில் கூட்டாளியோ மனைவியின் அண்ணன். எதில் லேபிள் இருந்தாலும் சத்தமாகப் படிக்கிற மனுஷன். அதனால் எண்ணெயை ஒரு பழைய மெஷின் எண்ணெய்ப் பாட்டிலில் ஊற்றி, கடை அலமாரியிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த எண்ணெயில் ரோஜா வாசனை தூக்கியது. அவருக்குத்தான் தெரியவில்லை. வருஷக்கணக்கில் பங்க்சர் பசையை முகர்ந்து முகர்ந்து மூக்கு செத்துப்போயிருந்தது. மனைவிக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

“யாருங்க அவ?”

“எவ?”

“ரோஜா வாசனைக்காரி.”

“முதுகுவலில கிடக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

“முதுகுவலிக்காரர் நேத்து ஒரு முழு சைக்கிளத் தோள்ல தூக்கிட்டுப் போனத நான் பாத்தேன்.”

சில நாளில் வாசனை திடீரென்று நின்றுபோனது. அவளுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது.

“இப்ப உஷாராயிட்டீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்மையச் சொல்லுங்க. இல்லன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். வந்தாலும் வருவேன்னு மட்டும் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை காலை மச்சான் அந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“மாப்பிள்ளை, இதுல இருந்த எண்ணெய எங்க வாங்கினீங்க? செயினுக்கு விட்டா மண்ணையெல்லாம் இழுக்குது. நாலு பேர் வண்டியத் திருப்பிக் கொண்டாந்தாங்க. கல்யாண வண்டியான்னு கிண்டல் வேற.”

“மிச்சம் எங்க மச்சான்?”

“பத்து நாளைக்கு முன்னாடியே கீழ ஊத்திட்டு மெஷின் எண்ணெய் நிரப்பிட்டேன். ஏன், மூஞ்சி வெளுக்குது?”

பத்து நாளாகத் தடவிய இடம் அரித்ததன் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பாதியில் விட்ட வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். தரையைப் பார்த்தபடி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“அப்ப எவளும் இல்ல?”

“இல்ல.”

“மெஷின் எண்ணெயையா தடவினீங்க?”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. “மூணு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு, எனக்கு என்ன குறைன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.”

அவரால் தலை நிமிர முடியவில்லை.

அன்று மத்தியானமே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“உள்ள தழும்பு மாதிரி தடிச்சிருக்கு,” என்றார் டாக்டர். “தடவுற எண்ணெய் அதக் கரைக்காது. விதையும் வைட்டமினும் நேராக்கும்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்ல. வலி பெரும்பாலும் சில மாசத்துல குறையும். வளைவு தொந்தரவா இருந்தா ஊசி இருக்கு, ஆபரேஷன் இருக்கு. நீங்களா நிமித்தப் பாக்காதீங்க.”

“எதிர்ப்பக்கமா லேசா முறுக்கினா...”

“வாய மூடுங்க,” என்றாள் மனைவி.

மறுநாள் அவள் அண்ணனே போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கேன். எப்பம்மா வர?”

“வரலண்ணே. இவருக்கு உடம்பு சரியில்ல. கூட இருந்து பாத்துக்கணும்.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்? என்ன உடம்புக்கு?”

கடைக்காரர் கைகூப்பிக் கெஞ்சினார். அவள் அவரை ஒரு நிமிஷம் நன்றாகத் தவிக்கவிட்டாள்.

“அது எங்க ரெண்டு பேர் விஷயம்ணே,” என்று போனை வைத்துவிட்டு, தன் பக்கத்தில் கட்டிலைத் தட்டிக் காட்டினாள்.