மலை வரைந்த வெள்ளைக்காரரும் வீடியோ சக்கரபாணியும்

தேரடித் தெருவில் வீடியோ கடை வைத்திருந்த சக்கரபாணி யாரையும் லேசில் நம்பமாட்டார். 2001ஆம் வருஷம் மாசி மாதம், சென்னையிலிருந்து மதிவதனி என்ற பெண் வந்து, "ஒரு டாக்குமெண்டரிக்கு கேமரா புடிக்கணும் சார்" என்றபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

"தெருவுல இன்னும் எத்தனையோ கடை இருக்குது. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"எங்க கேமராமேன் மஞ்சக்காமாலைல படுத்துட்டாரு. உள்ளூர்லயே ஆள் கேட்டோம். ஒருத்தர் உங்க பேரைச் சொன்னாரு."

"யாரு?"

"நீங்களே பாப்பீங்க சார்."

அந்தப் பதில் முள்ளாகத் தைத்தது. சக்கரபாணிக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அக்கா ராஜம்மாள் கொண்டுவந்த ஜாதகங்களையெல்லாம் செவ்வாய், சனி என்று சொல்லித் தட்டிக்கழித்தவர். உண்மைக் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். பல வருஷங்களுக்கு முன், ஒரு பாழடைந்த கட்டடத்தில் ஒன்றாக இருந்த இரண்டு ஆண்களை ஒரு கும்பல் பிடித்து அடித்து, சட்டையில்லாமல் கடைத்தெரு வழியே நடத்திப் போனது. சக்கரபாணி கடை வாசலில் நின்று பார்த்தார். கூட்டம் சிரித்தபோது கூடச் சிரித்தார். அன்றிலிருந்து, யாராவது தன்னைச் சற்று உற்றுப் பார்த்தாலும், தெரிந்துவிட்டதோ என்று கடைக்குள் போய்விடுவார்.

வரமுடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேரைச் சொன்னது யார் என்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய இம்சை. ஒத்துக்கொண்டார்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறை. படத்தை எடுக்கும் இங்கிரிட், ஐம்பது வயது ஜெர்மன்காரி, கட்டிலில் ஒரு பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்தாள். பென்சில் ஓவியங்கள். துணியில்லாத இரண்டு ஆண்கள், ஒருவன் தோளில் இன்னொருவன் வாய் பதிந்திருந்தது. அடுத்த பக்கம் இன்னும் துணிச்சல். சக்கரபாணிக்குக் காது சூடேறியது. பார்த்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, முகத்தைத் திருப்பினாலும் ஆபத்து. மதிவதனி தன்னை அளக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் நடிப்போ?

"இதெல்லாம் வரைஞ்சவரு மத்தியாஸ். அவரப் பத்தினதுதான் நம்ம படம்" என்றாள் மதிவதனி. "ஆம்பளைய ஆம்பள விரும்பினா ஜெயில்னு அவங்க ஊர்ல இருந்தப்பவே வரைஞ்சாரு. உள்ளயும் இருந்துட்டு வந்தாரு. இப்ப அங்க அவரத்தான் முன்னோடின்னு கொண்டாடுறாங்க. எண்பத்தொன்பதுல இங்க வந்தவரு, தொண்ணூத்தேழுல சாகற வரைக்கும் இந்த ஊர்தான்."

சக்கரபாணிக்கு ஆள் நினைவுக்கு வந்தார். மடக்கு நாற்காலி போட்டு, குடைக்கடியில் மலையை வரைந்துகொண்டிருந்த கிழவர். ஊரே அவரை ஏதோ சாமியார் என்றுதான் நினைத்திருந்தது.

"கடைசி வரைக்கும் அவரைப் பாத்துக்கிட்டவரு நாளைக்குப் பேசுறாரு. பாத்திரக் கடைல வேல பாக்கற ஜினசந்திரன். உங்க பேரைச் சொன்னதும் அவருதான்."

சக்கரபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. போளூர்ப் பக்கத்துச் சமண நயினார் குடும்பம், வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். டீக்கடையில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அதற்குமேல் பழக்கமில்லை. தான் மாட்டப்போவதால் துணைக்கு ஒருவனை இழுக்கிறாரோ? நேராகப் பாத்திரக் கடைக்குப் போனார்.

"நயினாரே, கொஞ்சம் வெளிய வாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவங்க படத்தை எடுத்துட்டு பிளேன் ஏறிடுவாங்க. ஊர்ல இருக்கப்போறது நீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னை எதுக்கு இழுத்துவுட்டீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

ஜினசந்திரன் சிரித்தார். "எங்க அண்ணன் பொண்ணு சுருதி கல்யாணத்துக்கு நீங்கதான வீடியோ? கேசட்டைப் போட்டுப் பாத்தோம். பந்தியில சாம்பார் ஊத்தறது நான். தாம்பூலப் பை குடுக்கறது நான். வாழமரத்தாண்ட சும்மா நிக்கறதும் நான்தான். கல்யாணப் பொண்ணைவிட நீதான்டா ஜாஸ்தி இருக்கறன்னு எங்க அண்ணி சொன்னாங்க."

யார் காதிலாவது விழுந்ததா என்று சக்கரபாணி தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி வெளயாட்டாதான் சொன்னாங்க, பயப்படாதீங்க. என்னை யாரும் அப்படி மரியாதையா பாத்ததில்லீங்க. அதான் உங்க பேரைச் சொன்னேன். வேற ஒண்ணும் யார்கிட்டயும் சொல்லல."

அந்தக் கடைசி வார்த்தையைச் சக்கரபாணி நம்பவில்லை.

மறுநாள் மத்தியாஸ் குடியிருந்த மாடி அறையில் படப்பிடிப்பு. சமணர் வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் ஜினசந்திரன் சாப்பிடமாட்டார் என்பதால் மத்தியானமே ஆரம்பித்தார்கள். சக்கரபாணி அவரது நாற்காலியை ஜன்னலுக்கு முன்னால் போட்டார். வேண்டுமென்றேதான். முதுகுப் பக்கம் வெயில் அடித்தால் முகம் கறுத்து வெறும் உருவமாகத்தான் விழும். மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இங்கிரிட் அதைக் கவனிக்கவில்லை.

ஜினசந்திரன் பேசினார். பால் காய்ச்சப் பாத்திரம் வாங்க வந்த கிழவர், சைகையில் பேரம் பேசியது. அரிசி களையக் கற்றுக்கொடுத்தது. கடைசியில் எழுந்திருக்க முடியாதபோது தினமும் வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டது.

"எவ்வளவோ ஆம்பளைங்கள வரைஞ்சாரு. என்னை ஒரு தடவகூட வரையல. கேட்டேன். அவங்கள்லாம் என் மனசுல இருக்கறவங்க, அவங்கள யாரும் அடிக்க முடியாது, நீ தெருவுல நடக்கற ஆளுன்னாரு. என் நல்லதுக்குத்தான் சொன்னாரு. ஆனா அவரு போன பின்னாடி பாத்தா, நான் அவரு கூட இருந்தேன்றதுக்கு ஒரு கோடுகூட இல்ல."

நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்த்தார். "சக்கரபாணி, என் மூஞ்சி தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "இல்ல" என்று வந்தது.

"ஜன்னலச் சாத்துங்க. மூஞ்சி தெரியணும்."

"நல்லா யோசிச்சுக்கோங்க நயினாரே."

"அவரு போனதுலருந்து அதத்தான் யோசிக்கறேன்."

சக்கரபாணி ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி, தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வெளிச்சத்தை அந்த முகத்தில் விழவைத்தார். கண்ணோரச் சுருக்கம் வரை தெளிந்தது. படப்பிடிப்பு முடியும் வரை அந்த முகத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஏன் பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் பயந்தது பாதி நடந்தது. படம் வெளிநாட்டில் ஓடி, அதைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை ஜினசந்திரனின் போட்டோவோடு எழுதியது. பாத்திரக் கடை முதலாளி வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் பேச்சை நிறுத்தினார். சுருதி மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துப் போனாள். ஜினசந்திரன் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு சுக்குக் காபிக் கடை போட்டார்.

முதலில் சக்கரபாணி தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கடைக்குப் போவார். பிறகு பௌர்ணமிக் கூட்டம் நெருக்கும்போது டம்ளர் கழுவ உட்கார்ந்தார். கடைசியில் கல்யாண வீடியோ வேலை இல்லாத நாளெல்லாம் அங்கேதான்.

ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் மலை சுற்ற வந்த ராஜம்மாள், தம்பி டம்ளர் கழுவுவதைப் பார்த்து நின்றாள்.

"யாருடா இவரு?"

"ஜினசந்திரன். எனக்கு ரொம்ப வேண்டியவருக்கா."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு வெல்லம் கம்மியா ஒரு காபி குடுங்க" என்றாள். அவள் குடித்து முடிக்கும்வரை சக்கரபாணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று அவருக்கு இன்னும் சந்தேகம்தான்.