ஜேர்மன் பூனையும் மஞ்சள் நூலும்

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்று கண்டி டவுனில் என் தையல் கடையில் பன்னிரண்டு மிஷின் ஓடுகிறது. படித்தவர்கள்தான் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். என் கைவேலையைப் பார்த்து முதன்முதலில் ஆடிப்போனவன் ஒரு ஆர்மிக்காரன் என்றால் நம்புவீர்களா?

அப்போது எனக்குப் பத்து வயது. பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். கலவரத்தில் தன் கடை எரிந்ததும் மாமா ஜேர்மனிக்குப் போய், ஒரு சின்னக் கிராமத்தில் அகதியாக இருந்தார். அங்கிருந்து அவர் அனுப்பிய தபால் அட்டையில் அந்த ஊரின் சின்னம் இருந்தது. மஞ்சள் கேடயம், அதில் பின்னங்காலில் எழுந்து நாக்கை நீட்டும் கறுப்புப் பூனை, அதன் காலடியில் மாவு மில்லின் சக்கரம். முன்னொரு பஞ்சத்தில் மில்லில் மிஞ்சிய கடைசித் தானியத்தை எலிகளிடமிருந்து காப்பாற்றியது பூனைதானாம். "பக்கத்து ஊரெல்லாம் சிங்கம், கழுகுன்னு வச்சிருக்கான். இங்க பூனைக்குத்தான் மரியாதை அக்கா" என்று அம்மாவுக்கு எழுதியிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் மாமா ஊர்ச் சின்னம்! மாவுச் சாக்கில் தைத்த என் தோள்பையில் அதை அப்படியே நூலால் போட உட்கார்ந்தேன். பாதியில் கறுப்பு நூல் தீர்ந்தது. சும்மா விடுவேனா? இடையிடையே மஞ்சள் நூலை ஓட்டி நிரப்பினேன். அச்சை விட அழகாக வந்தது!

தீபாவளித் துணி எடுக்க அப்பாவோடு கண்டிக்குப் பஸ் ஏறினேன். வழியில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தார்கள். என் பையைப் பார்த்த ஆர்மிக்காரன் "கொட்டியா!" என்று கத்தினான். சிங்களத்தில் புலி. வரிசையில் நின்றவர்கள் எங்களை விட்டு விலகினார்கள். அப்பாவின் அடையாள அட்டையைப் பிடுங்கி, சட்டையைப் பிடித்துத் தனியே இழுத்து நிறுத்தினான்.

எனக்கு வந்ததே கோபம்! என் பூனையைப் புலி என்பதா?

"நே மாத்தயா! பூஸா! ஜேர்மன் பூஸா!"

பூனைதான் ஐயா என்று சொன்னால் போதுமா? பின்னங்காலில் நிற்பதுபோல் நிமிர்ந்து, கைகளைத் தூக்கி, நாக்கை நீட்டி 'மியாவ்' என்றேன். எலி பிடித்தும் காட்டினேன். ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். "தவ எக பாரக்!" இன்னொரு தடவையாம்! மூன்று தடவை செய்தேன். அட்டை திரும்பி வந்தது. அவர்களை விடச் சத்தமாகச் சிரித்தது அப்பா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

துணி எடுக்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். அப்பா பையை என்னிடமிருந்து வாங்கி, பூனை உள்பக்கம் இருக்கும்படி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, பன்வில வரும்வரை கையை எடுக்கவே இல்லை.

என் வேலை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதென்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டே வந்தேன்.