ஒரு பக்கம் சாய்ந்த கூரை

"இங்க உன்னை என்னன்னு கூப்பிடணும்?"

என் மகள் நித்யா கேட்கிறாள். நாலு வயது. எங்கள் சந்து முடிந்து பெரிய தெரு தொடங்கும் இடத்தில், எஸ்டிடி பூத் அருகே, தினமும் என் கையை இழுத்து நிறுத்திக் கேட்கிறாள்.

பெங்களூரில், பொம்மனஹள்ளியில், ஷீட் வீட்டில் இருக்கிறோம். சிமெண்ட் ஷீட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்ட ஒற்றை அறை. அரக்கோணத்தில் நான் வளர்ந்தது மொட்டைமாடி வீடு. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. இங்கே கணவர் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போக, சிவில் டிப்ளமா படித்த நான் இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு வீடுகளைக் கம்ப்யூட்டரில் மாடலாக எழுப்பும் வேலை. நேர்முகத்தில் மேலாளர் பிரகாஷ், "குழந்தை உண்டா?" என்றார். உண்டு என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு இடங்களில் வேலை கிடைக்காமல் போயிருந்தது. "இல்லை சார்" என்றேன். மூன்று மாதம் பார்ப்பார்கள், நிரந்தரமானதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு சோதனை. நான்கு சுவர் வீட்டுக்கு ஓர் எளிய கூரை. சுவர்களைச் சுற்றிக் கோடு இழுத்து, எந்தக் கோட்டிலிருந்து கூரை சரிந்து ஏற வேண்டுமோ அதை டிக் செய்ய வேண்டும். எதிரெதிரான இரண்டு கோடுகளை டிக் செய்தால் நடுவில் முகடு எழும். நான் ஒன்றை மட்டும் செய்தேன். திரையில் வந்த கூரை எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. தினமும் அப்படி ஒன்றின் கீழேதானே தூங்குகிறேன்.

பிரகாஷ் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழர். பெரும்பாலும் கன்னடமோ ஆங்கிலமோதான் பேசுவார். திட்டுவது எப்போதும் தமிழில்.

"என்னம்மா, அமெரிக்காக்காரனுக்கு ஷீட் வீடு கட்டிக் குடுத்திருக்க? மேல நாலு கல்லும் வெச்சுடு, பறக்காம இருக்கும்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நாளைக்கு வராத."

நாலரைக்குக் காற்றும் மழையும். வாடகை வீட்டுக்காரம்மா ஜெயம்மாவிடம்தான் நித்யாவை விட்டுவிட்டு வருவேன். அவர் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றார். "உங்க ஷீட்டு பறந்துபோச்சும்மா. உள்ள தூங்குன மகு பூரா நனைஞ்சுபோச்சு, அழுகை நிக்கல" என்றார். குழந்தையைக் கன்னடத்தில் மகு என்றுதான் சொல்வார். பிரகாஷ் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

"யாரு இது?"

"அக்கா பொண்ணு சார்."

"அம்மா" என்று நித்யா கையை நீட்டினாள்.

"சித்தின்னு கூப்பிடுடி" என்று அதட்டினேன்.

பிரகாஷ் சந்தேகத்துடன் ஜெயம்மாவிடம் கன்னடத்தில், குழந்தை யாருடையது என்று கேட்டார். ஜெயம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். "கொத்தில்லா சார்" என்றார். தெரியாதாம். அன்று அவர் என்னைக் காப்பாற்றினாரா, முகத்தில் துப்பினாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பினேன். நித்யாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்து நான் தொடவில்லை. உண்மையான சித்திகூடத் துவட்டிவிட்டிருப்பாள்.

உள்ளே போய் இரண்டாவது கோட்டையும் டிக் செய்தேன். முகடு உடனே எழுந்தது. "ம், இப்பதான் வீடு" என்றார் பிரகாஷ். வேலை நிரந்தரமானது. அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது சொன்னால் பொய் சொன்னவள் என்று அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

இப்போது தினமும் காலையில் நித்யாவைப் பாலர் பள்ளியில் விடப் பெரிய தெரு வழியாகப் போக வேண்டும்; அலுவலகத்தார் டீ குடிக்க வருவதும் அங்கேதான். அதனால் பூத் வரை நான் அம்மா, தாண்டினால் சித்தி. போன வாரம் பூத்தைத் தாண்டி ஓடிய நித்யா விழுந்துவிட்டாள். முழங்காலில் ரத்தம். அந்த வலியிலும் "சித்தி!" என்றுதான் அலறினாள். அப்போது தெருவில் அலுவலகத்தார் ஒருவரும் இல்லை.

ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். வேலையை விட்டால் இந்த ஷீட் வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது. நாளைக் காலையும் பூத் அருகே நின்று அவள் என் கையை இழுப்பாள். நான் என்ன சொல்லட்டும்?