புது ஆளுக்குப் பாதி வாடகை

போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கிடைத்தது.

வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தில்லையடியில் எங்கள் பக்கத்துக்கு ஃபைபர் இழுத்துத் தருவது ஒரே ஒரு கம்பனிதான். பள்ளிவாசல் மூலையில் உள்ள போஸ்ட்டுக் கம்பத்தில் அவர்களுடைய கறுப்புப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதற்குள் இருக்கும் துளைகளுக்குப் பெயர் போர்ட். ஒரு வீட்டுக்கு ஒரு போர்ட். எல்லாம் நிரம்பிவிட்டால் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, யாராவது விலகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் போன நோன்புக்கு முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியைக்கூடத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறி நின்று, போனை உயர்த்திப் பிடித்துத்தான் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஓர் அழைப்பு. "மிஸ், உங்கட ஏரியாவுல ஒரு போர்ட் ஃப்ரீ ஆகியிருக்கு. எடுக்கிறீங்களா?"

இதெல்லாம் ஒரு கேள்வியா?

பின்னேரமே டெக்னீஷியன் வந்துவிட்டார். இந்தக் கம்பனியில் ஒரு வேலை அன்றைக்கே நடந்ததை என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தேன். ரௌட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சின்ன அக்கா, எங்கள் வழக்கில் சின்ன ராத்தா, இதயம் அனுப்பினார். பெரிய ராத்தாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வகுப்பில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவரே நேரில் வந்தார். முகம் சரியில்லை.

"எங்கட லைன வெட்டியாச்சு. புதுசாத் தர போர்ட் இல்லையாம்."

நான் ரௌட்டரைப் பார்த்தேன். ராத்தாவும் பார்த்தார். அது பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் இரண்டு ராத்தாமாரின் வருடாந்த வைபவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் ஆக்கள் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்துவைப்பார்கள். மன்னாரிலிருந்து வந்து வாப்பா வாங்கிய வளவுக் காணியில், பெரிய ராத்தாவுக்கு முன்னால் ஒரு வீடு, சின்ன ராத்தாவுக்குப் பின்னால் ஒரு வீடு. என் முறை வந்தபோது வளவு முடிந்துவிட்டது. எனக்கு அடுத்த தெருவில் துண்டுக் காணி. ஆக, ஒரே கேற்றுக்குள் இரண்டு வீடு, இரண்டு இலக்கம், இரண்டு பெயர்... ஒரே வைஃபை.

கம்பனியோ, புதிதாகச் சேர்பவருக்கு முதல் வருடம் பாதி வாடகை என்கிறது. வருடம் முடிந்தால் முழு வாடகை. அதற்குப் பிறகு கூடுமே தவிரக் குறையாது. பெரிய ராத்தா ஒருமுறை ஹொட்லைனுக்கு எடுத்து நியாயம் கேட்டிருக்கிறார்.

"நேத்து வந்த ஆளுக்குப் பாதி. இத்தன வருஷம் ஒழுங்காக் கட்டுற எனக்கு முழுசா?"

"ஓம் மிஸ். நீங்க எங்கட பெறுமதியான பழைய கஸ்டமர்."

இது பாராட்டா, தண்டனையா என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அதன்பிறகுதான் வைபவம் தொடங்கியது. ஒரு வருடம் லைன் பெரிய ராத்தாவின் பெயரில் இருக்கும். சலுகை முடியும் அன்று அதை வெட்டிவிட்டு, சின்ன ராத்தாவின் பெயரில் புதிதாக எடுப்பார்கள். அடுத்த வருடம் மறுபடி பெரிய ராத்தா புது ஆள். ஒரே வயர், ஒரே சுவர், ஒரே டெக்னீஷியன். வெட்டும்போது அவருக்குத் தேத்தண்ணி, பூட்டும்போது வட்டிலப்பம். போர்ட் எங்கேயும் போகாது என்பதில் எல்லோருக்கும் நம்பிக்கை. யார் அதைத் தேடி வரப்போகிறார்கள்?

இந்த வருடம் கம்பனி முன்னேறிவிட்டது. போர்ட் காலியானால் கம்ப்யூட்டரே பட்டியலில் முதலில் நிற்பவரைக் கண்டுபிடித்துவிடுமாம். திங்கள் காலையில் பெரிய ராத்தா அலுவலகத்துக்குப் போய் லைனை வெட்டச் சொல்லி, சின்ன ராத்தாவின் விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு, ஓட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் போர்ட் என்னுடையதாகிவிட்டது.

அடுத்த தெருவில் இருந்தபடியே என் ராத்தாவின் லைனைப் பறித்திருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

சிரிக்கலாம். ஆனால் ராத்தாவுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. அவருடைய கணவரான எங்கள் மச்சானுக்கு உப்பளத்தில் வேலை. மழை பெய்தால் வேலை இல்லை. வீடு ஓடுவது ராத்தாவின் குர்ஆன் வகுப்பில்தான். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் எங்கள் ஆக்களின் பிள்ளைகளுக்கு அவர் வீடியோவில் ஓதிக்கொடுக்கிறார்; இப்போது அங்கே பள்ளி விடுமுறை, அதனால் வகுப்பு எங்கள் பின்னேரத்தில். வகுப்பு நின்றால் தாய்மார் ஒரு கிழமைதான் பொறுப்பார்கள். பிறகு வேறு நாட்டில் வேறு உஸ்தாத் கிடைத்துவிடுவார்.

போன் டேட்டாவில் நடத்தலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அன்று பின்னேரம் அதைச் செய்துதான் பார்த்தார். ஓதும்போது எந்த எழுத்தை எவ்வளவு நீட்டவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. டேட்டா இழுபட்டால் பிள்ளையின் குரல் அந்த எழுத்திலேயே நின்றுவிடும். சிறிய நீட்டல் பெரிய நீட்டலாகி, மூச்சு முட்டும் அளவுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"பிழை புள்ளடயா, கம்பனிடயா எண்டே தெரியல்ல. நான் எதத் திருத்துற?" என்றார் ராத்தா.

மறுநாள் காலையில் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் ஒரு தம்பி. நல்ல மரியாதையான பிள்ளை.

"என்ட போர்ட்ட ராத்தாக்குக் குடுங்க, தம்பி. எனக்கு வேணாம்," என்றேன்.

"நீங்க வெட்டினா அது லிஸ்ட்டுல அடுத்த ஆளுக்குப் போகும், மிஸ்."

"ராத்தாமார்ட விண்ணப்பம் எத்தனாவது?"

அவர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பட்டியலைக் கீழே இறக்கினார். இன்னும் இறக்கினார்.

"சரி தம்பி, பெயர மட்டும் மாத்தித் தாங்க."

"மாத்தலாம் மிஸ். ஆனா அது புதுக் கனெக்‌ஷன் இல்லதானே? அப்ப முழு வாடகை வரும்."

ராத்தா முன்னால் குனிந்தார். "நாங்க பழைய ஆக்கள் எண்டதுக்காகவா, மகன், கூட எடுக்கிறீங்க?"

தம்பிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை போலும். "ஓம் மிஸ்," என்றார்.

எங்கள் தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரர், புது ஆளிடம் விலையைக் கூட்டிச் சொல்வார். பழைய ஆளுக்குக் களப்பில் பிடித்த நல்ல இறாலை ஒதுக்கி வைத்திருப்பார். வாடகை வீட்டில் இருந்த காலத்தில், வருடம் போகப் போக எங்கள் வீட்டுச் சொந்தக்காரருக்கு வாடகையைக் கூட்டுவதற்கு வெட்கம் வந்தது. ஊரெல்லாம் வழக்கம் இப்படித்தான். புதியவரிடம் முகமலர்ச்சியும் பழகியவரிடம் பில்லும் காட்டுகிற வியாபாரம் எங்கே நடக்கும்? வேறு கடையே இல்லாத இடத்தில்தான் நடக்கும்.

முழு வாடகை ராத்தாவுக்குக் கட்டுப்படியாகாததால், இப்போது அவருடைய வகுப்பு எங்கள் வீட்டு முன்ஹோலில் நடக்கிறது. அஸர் தொழுகைக்குப் பிறகு என் கணவர் சாரம் கட்டியபடி முன்பக்கம் வரக்கூடாது. குக்கர் விசிலடிக்கக்கூடாது. நான் இருமுவதாக இருந்தால் கிணற்றடிக்குப் போகவேண்டும். இடையில் இரண்டு பிள்ளைகள் விலகிவிட்டார்கள். ராத்தா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் வகுப்பைத் திறந்ததும் முகங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் நான் அறைக்குள் போய்விடுவேன்.

நேற்று வகுப்புக்குச் சற்று முன்பு அவருடைய போன் அடித்தது. கம்பனியிலிருந்து ஒரு பெண்பிள்ளை. ராத்தா ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ், நீங்க எங்கட சேவையிலருந்து விலகியிருக்கிறீங்க. ஏன் எண்டு சொல்ல ஏலுமா?"

"இத்தன வருஷம் இருந்தன், மகள். அப்ப ஒருத்தரும் எடுத்துக் கதைக்கல்ல. போன பொறகு சுகம் விசாரிக்கிறீங்களே!"

"திரும்ப எங்களோட சேர விருப்பமா, மிஸ்?"

"நல்ல விருப்பம். ஒரு போர்ட் தாங்க."

"அது வேற டிபார்ட்மென்ட், மிஸ்... சரி, கடைசியா ஒரு கேள்வி. என்னோட கதைச்சதுக்கு ஒண்டுலருந்து அஞ்சு வரைக்கும் எத்தன புள்ளி போடுவீங்க?"

நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒன்று! ஒன்று!

"அஞ்சு போடுங்க, மகள்," என்றார் ராத்தா. போனை வைத்தபின் என்னை முறைத்தார். "வாடகையக் கூட்டினது அந்தப் புள்ளயா? கேள்வி கேக்க விட்டிருக்கிறாங்க, கேக்குறா. நாம கொறச்சுப் போட்டா அவட வேலைக்குத்தான் கேடு."

ராத்தாவிடம் ஓத லண்டனிலிருந்து பிள்ளைகள் ஏன் வருகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது — என்னைத் தேடி பில் மட்டும் ஏன் வருகிறது என்பதும்தான்.